24 புதர், ஒரே செடி: காய்க்காமல் நின்ற அமெரிக்க ஹேசல் வரிசை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையைப் பனியுகத்துப் பனிப்பாறைகள் தொடவில்லை. சுற்றிலும் இருக்கும் நிலம் தேய்ந்து சமவெளியாகிவிட, இங்கே மட்டும் முகடும் ஒடுங்கிய பள்ளத்தாக்குமாக மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. அப்படி ஒரு முகட்டுச் சரிவில் 40 ஏக்கர் வைத்திருக்கும் வயதான தம்பதியின் அனுபவம் இது. கணவர் தச்சு வேலை செய்தவர். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2018-இல் அவர்கள் நிலத்தில் களைப்புதர் வெட்டப் போன தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிந்தியவற்றை நேரில் பார்த்தேன். முந்தியவை அந்த அம்மாவின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

1832 முதல் 1866 வரை விஸ்கான்சினைக் கட்டம் கட்டமாக அளந்த அரசு நில அளவையாளர்கள், ஓக் மரங்களுக்கு அடியில் என்ன வளர்கிறது என்பதையும் எழுதி வைத்தார்கள். 'ஹேசல்' என்ற சொல் அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும். பூர்வகுடி மக்கள் அவ்வப்போது வைத்த தீயில் தண்டு கருகினாலும், அடிவேரிலிருந்து மறுபடி துளிர்த்துப் புதராகிவிடும் செடி இது. தீ நின்றது, மாடுகள் மேய்ந்தன, உழவு வந்தது, பிறகு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பக்தார்ன் என்ற முட்புதர் காட்டடியை மூடியது. தம்பதியின் ஓக் தோப்பிலும் அப்படித்தான். பக்தார்னை ஒழித்து, அங்கே ஹேசலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

சாக்லேட்டில் நாம் சாப்பிடும் ஹேசல்நட் ஐரோப்பிய இனத்தின் கொட்டை. இது அதன் வட அமெரிக்க உறவு, பெயர் கோரிலஸ் அமெரிக்கானா. மரமாகாது. தரையிலிருந்து பல தண்டுகள் கிளம்பி 8 முதல் 16 அடி வரை வளரும் புதர். கொட்டை சிறியது, ஓடு தடிப்பானது, ருசிக்குக் குறைவில்லை. கொட்டையை இரண்டு இலையுறைகள் சேர்ந்து மூடியிருக்கும். அவற்றின் ஓரம் கிழித்து விட்ட துணி போலச் சுருள்சுருளாக இருக்கும். வான்கோழி, மான், அணில், நீல ஜே பறவை எல்லாம் இதைத் தேடி வரும். பனிக்காலத்தில் காட்டுக்கௌதாரி வகைப் பறவைகள் இதன் பூங்கொத்துகளைத் தின்று பிழைக்கும்.

நட்ட விதம்

நிலத்தின் மேற்கு வேலியோரம் பழைய ஹேசல் புதர் ஒன்று இருந்தது. கொட்டை பெரிது, ஓடும் மற்றவற்றைவிட மெல்லியது. தம்பதிக்கு அதன் மேல் தனிப் பிரியம். 2010 அக்டோபரில் அந்தத் தாய்ப்புதரைச் சுற்றிக் கிளம்பியிருந்த வேர்க்கன்றுகளில் 26-ஐத் தோண்டி எடுத்து, பக்தார்ன் வெட்டிய ஓக் தோப்பின் விளிம்பில் வரிசையாக நட்டார்கள். 2 பட்டுப்போயின. 24 பிழைத்தன.

எடுத்த முடிவில் அன்றைக்குத் தவறு தெரியவில்லை. செலவில்லை, உள்ளூர்ச் செடி, குணம் தெரிந்த செடி. நல்ல வாழையிலிருந்து பக்கக்கன்று எடுத்து வைக்கிற அதே நியாயம்தான். ஆனால் வாழைப்பழத்துக்கு மகரந்தம் வேண்டியதில்லை. ஹேசலுக்கு வேண்டும்.

2013 முதல் 2018 வரை

மூன்றாம் வருடம் சில புதர்களில் பூ வந்தது. 2015-இல் 24-இலும் பூ. ஹேசலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாக இருக்கும். ஆண் பூக்கள் இலையுதிர் காலத்திலேயே விறைப்பான சிறு கொத்துகளாகக் கட்டிக்கொண்டு பனிக்காலம் முழுக்கத் தொங்கும். நம் ஊரில் பூனைவால் செடி பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். இங்கும் அவற்றைப் பூனைவால் என்றே சொல்கிறேன். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ குளிர் சற்றே விட்டதும் அவை நீண்டு தளர்ந்து மஞ்சள் தூளைக் காற்றில் விடும். பெண் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சாதாரண இலைமொட்டு போலவே இருக்கும். நுனியில் மட்டும் குங்குமச் சிவப்பில் நாலைந்து நூலிழைகள் எட்டிப் பார்க்கும். அவைதான் சூல்முடிகள். நீளம் சில மில்லிமீட்டர்.

பூ அமோகம். கொட்டை இல்லை. வரிசை முழுவதிலும் வருடத்துக்கு ஐந்தாறு கொத்து தேறினால் பெரிது.

முதலில் பின்பனியின் மேல் பழி போட்டார்கள். 2016-இல் அணில் என்று முடிவு செய்து நாலு புதர்களை வலையால் மூடினார்கள். வலைக்குள்ளும் கொட்டை இல்லை. 2017-இல் நிழல்தான் காரணம் என்று இரண்டு ஓக் கிளைகளை அறுத்தார்கள். அடுத்த ஆண்டு பூனைவால்கள் கூடின, கொட்டை கூடவில்லை. 2018 செப்டம்பரில் என்னிடம் கேட்டபோது, செடி இன்னும் இளசு, இரண்டு வருடம் பொறுங்கள் என்றேன். குறிப்பேட்டைப் பார்க்காமல் நான் சொன்ன பதில் அது. தவறான பதில்.

வலைக்குள்ளும் கொட்டை இல்லை என்ற ஒரு செய்தியே அணிலை விடுவித்துவிட்டது. அதோடு நின்று யோசித்திருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் கிடைத்தது

அந்த அம்மா 1990-களிலிருந்தே எழுதி வருகிறார். முதல் பனி, முதல் வானம்பாடி, எந்த மரம் எப்போது துளிர்த்தது என்று நாள்வாரியாக. 2018 நவம்பரில், வெளியே வேலை எதுவும் ஓடாத ஒரு மழை நாளில், சமையலறை மேசையில் அதைப் புரட்டினோம். ஹேசல் பற்றிய வரிகளை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதினார் அவர்.

தாய்ப்புதரிலிருந்து 2008 வரை ஒவ்வொரு ஆண்டும் வாளிக்கணக்கில் பறித்திருக்கிறார்கள். 2009-இல் 'கொஞ்சம்'. 2010-க்குப் பிறகு அந்தப் புதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கன்று தோண்டியதில் வேர் அடிபட்டுத் தாய்ச்செடி தளர்ந்துவிட்டது என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். ஆனால் கன்று தோண்டியது 2010 அக்டோபரில். சரிவு தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு.

2009 மார்ச் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் பழைய புதர் வரிசையை இயந்திரம் வைத்துப் பிடுங்கிச் சோள வயலோடு சேர்த்துவிட்டார்கள் என்று. அந்த வரிசையில் ஹேசல் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார் கணவர். ஐந்தாறு புதர்.

இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹேசல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒவ்வொரு செடியும் இதற்கென இரண்டு மரபணு வடிவங்களைச் சுமக்கிறது. சூல்முடியில் வந்து விழும் மகரந்தம் அவற்றில் ஏதாவது ஒன்றைத் தன் மேல் காட்டினால் சூல்முடி அதைத் தடுத்துவிடும். மகரந்தக் குழாய் உள்ளே இறங்காது. ஐரோப்பிய ஹேசலில் இப்படிப்பட்ட வடிவங்கள் 30-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. விதையிலிருந்து வந்த காட்டுப் புதர்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு சேர்க்கை என்பதால் காட்டில் சிக்கல் வருவதில்லை. வேர்க்கன்றோ தாயின் அச்சு. 24 கன்றும் தாயும் சேர்ந்தால் கண்ணுக்கு 25 புதர். பூவின் கணக்கில் ஒன்றே ஒன்று. தாய்ப்புதர் அத்தனை வருடம் காய்த்தது வேலிக்கு அப்பால் நின்ற அந்த ஐந்தாறு புதர்களின் தயவில்.

பழுது எங்கே என்பதைக் கொட்டைப் பருவத்தில் தேடியதுதான் பல வருடங்களை விழுங்கியது. ஏப்ரலில் மகரந்தம் விழும்போது பெண் பூவுக்குள் சூல்பை உருவாகியே இருக்காது. மகரந்தக் குழாய் சூல்தண்டின் அடிவரை இறங்கி அங்கே உறங்கும். சூல்பை வளர்ந்து தயாரான பிறகு, வாரக்கணக்கில் காத்திருந்த குழாய் மறுபடி வளர்ந்து கருவுறச் செய்யும். பொருந்தும் மகரந்தம் வராத பூ, பிஞ்சுகூட ஆகாமல் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். ஆகவே, கோடையின் நடுவில் கிளையில் பிஞ்சுக் கொத்தே இல்லையென்றால் கோளாறு மகரந்தத்தில். பிஞ்சு இருந்து செப்டம்பரில் காணாமல் போயிருந்தால் அணிலைச் சந்தேகிக்கலாம். கொட்டை இருந்து உடைத்தால் பதர் என்றால் பருப்பு வளர்ச்சியில் கோளாறு. ஓட்டில் வட்டமாகத் துளை இருந்தால் அது கூன்வண்டின் புழு வெளியேறிய வழி. குறிப்பேட்டில் எந்த ஆண்டின் கோடைப் பக்கத்திலும் பிஞ்சு என்ற சொல்லே இல்லை.

2019 சோதனை

ஊகம் சரியாகத் தோன்றினாலும், சோதிக்காமல் செடி வாங்க வேண்டாம் என்றார் கணவர். ஏற்கெனவே மூன்று முறை நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்து வேலை செய்தவர் அவர்.

அந்த ஜனவரிக் கடைசியில் துருவக் காற்று இறங்கி விஸ்கான்சின் முழுக்கக் கடும் குளிர். பூனைவால்கள் கருகியிருக்குமோ என்று பயந்து, மார்ச்சில் ஒன்றிரண்டைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்தோம். உள்ளே பழுதில்லாமல் இருந்தன. இந்த மண்ணின் செடி, தாங்கிக்கொண்டது.

வரிசையில் நாலு புதர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் மூன்று கிளைகள். அந்தக் கிளைகளின் பூனைவால்களை விரிவதற்கு முன்பே கிள்ளிவிட்டு, மகரந்தம் புகாத பைகளால் மூடிக் கட்டினோம். சாதாரணத் துணிப்பை போதாது. ஹேசல் மகரந்தம் அதற்குள் நுழைந்துவிடும். ஒரு கிளைக்கு அதே வரிசையின் மகரந்தம். இரண்டாவதற்கு ஓடையோரக் காட்டுப் புதர் ஒன்றின் மகரந்தம். மூன்றாவதற்குச் சாலையோரத்தில் நின்ற புதர் ஒன்றின் மகரந்தம்.

மகரந்தம் எடுப்பது எளிது. விரியத் தொடங்கும் பூனைவால்களை வெள்ளைத் தாளின் மேல் பரப்பி, காற்று அசையாத அறையில் ஓர் இரவு விட்டால் போதும். காலையில் ஒவ்வொரு பூனைவாலைச் சுற்றியும் அதன் வடிவத்திலேயே மஞ்சள் நிழல் விழுந்திருக்கும். அதை மடித்துக் குப்பியில் தட்டி, ஈரம் படாமல் குளிர்பெட்டியில் வைத்தோம். சிவப்பு நூல்கள் நன்றாக நீண்ட பிறகு பையைத் திறந்து, மெல்லிய தூரிகையால் ஒரே தொடுதல். உடனே பையைக் கட்டிவிடுவது. அந்த அம்மா உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மொட்டையும் சொல்லச் சொல்ல நான் தொட்டேன்.

மே முதல் வாரத்தில் பைகளைக் கழற்றினோம். அதற்குள் புயலில் ஒரு பை கிழிந்திருந்தது. சாலையோரப் புதரின் மகரந்தம் வைத்த கிளை அது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூலை இரண்டாம் வாரம் எண்ணினோம். சொந்த வரிசையின் மகரந்தம் வைத்த நாலு கிளைகளிலும் ஒரு பிஞ்சு இல்லை. ஓடையோர மகரந்தம் வைத்த நாலிலும் பிஞ்சு. மொத்தம் 19 கொத்து. எட்டு வருடம் அந்த முழு வரிசையிலும் ஒரே பருவத்தில் அவ்வளவு பார்த்ததில்லை. இலையுறையைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. அந்த அம்மா கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சாலையோர மகரந்தம் வைத்த மூன்று கிளைகளிலும் எதுவும் இல்லை. எதிர்பாராத முடிவு. அந்தப் புதருக்கும் இவர்கள் செடிக்கும் பொருந்தாமை இருக்கலாம். ஆனால் அந்தக் குப்பியை நான் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்ற காருக்குள் விட்டிருந்தேன். மகரந்தம் செத்தும் இருக்கலாம். எது என்று பிரித்தறிய அன்று வழியில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மூன்று கேள்விகள் எழுந்தன.

முதலாவது, 24 புதர்களையும் பிடுங்கிவிடுவதா? வேண்டாம் என்று முடிவானது. அவற்றில் நோயில்லை, குறையில்லை. பொருந்தும் மகரந்தம் வந்தால் காய்க்கும் என்று சோதனையே காட்டிவிட்டது.

இரண்டாவது, துணைக்கு எதை நடுவது? பெரிய கொட்டை வேண்டுமென்றால் ஐரோப்பிய ரகங்களை நடலாமே என்று பார்வையிட வந்த ஒருவர் யோசனை சொன்னார். அமெரிக்காவின் வணிக விளைச்சல் கிட்டத்தட்ட முழுவதும் ஓரிகான் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கில் விளையும் ஐரோப்பிய இனம்தான். ஆனால் கிழக்கில் அதற்கு ஓர் எமன் உண்டு: அனிசோகிராமா அனோமலா என்ற பூஞ்சை. அமெரிக்க ஹேசலில் சின்னச் சின்ன வடுவாக வந்து நின்றுவிடும் அது, எதிர்ப்புத் திறனில்லாத ஐரோப்பிய ரகங்களின் பட்டையில் கருப்புப் புள்ளிகளை வரிசை வரிசையாகக் கிளப்பி, கிளை கிளையாகக் காயவைத்துச் சில ஆண்டுகளில் மரத்தையே கொன்றுவிடும். தம்பதியின் பழைய புதர் ஒன்றிலேயே அந்த வடு இருந்தது. நோயைத் தாங்கும் கலப்பின ரகங்கள் இப்போது உண்டு, மகரந்தத்துக்கும் உதவும். ஆனால் அவர்கள் செய்வது தோட்டமல்ல, ஒரு காட்டின் விளிம்பைத் திருப்பிக் கட்டுவது. உள்ளூர் விதையிலிருந்து வந்த அமெரிக்க ஹேசலே போதும் என்று உறுதியாக இருந்தார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது, இன்றும் படுகிறது.

மூன்றாவது, எங்கே நடுவது? காற்று வரும் பக்கம் ஒரு தனி வரிசையாக என்று முதலில் பேசினோம். பிறகு பழைய புதர்களுக்கு இடையிடையே கலந்து நட முடிவு செய்தோம். எந்தத் திசையில் காற்றடித்தாலும் பக்கத்தில் ஓர் அந்நியச் செடி இருக்க வேண்டும்.

பிறகு நடந்தது

2019 செப்டம்பரில் மூன்று தனித்தனிக் காட்டுக் கூட்டங்களிலிருந்து, நிலக்காரர்களிடம் கேட்டு, விதைக்கொட்டை சேகரித்தோம். ஹேசல் விதை முளைக்கப் பல வாரம் ஈரக்குளிரில் கிடக்க வேண்டும். இலையுதிர் காலத்திலேயே மண்ணில் போட்டுவிட்டால் பனிக்காலம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். 60 கொட்டைகளைப் பாத்தியில் விதைத்து இலைச்சருகால் மூடினோம். இரண்டே இரவில் அணில்கள் வரிசை பிடித்துத் தோண்டி எடுத்துவிட்டன. மிச்சக் கொட்டைகளைக் கால் அங்குலக் கண்ணி வலையால் எல்லாப் பக்கமும், அடியிலும் மூடிய பெட்டியில் விதைத்தோம். அவை முளைத்தன.

2020 வசந்தத்தில் நாற்றங்காலில் வாங்கிய 15 விதைநாற்றுகளும், 2021-இல் பெட்டியில் வளர்ந்த 22 நாற்றுகளும் வரிசைக்குள் போயின. ஒவ்வொன்றுக்கும் கம்பிக் கூண்டு. ஒரு மாலை இருட்டிவிட்டதால் இரண்டு கூண்டுகளைக் கட்டாமல் விட்டோம். காலையில் மான் இரண்டையும் தரையோடு மொட்டையடித்திருந்தது.

நாற்று பூக்க நாலைந்து வருடம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓடையோரப் புதரிலிருந்து பூனைவால் நிறைந்த கிளைகளை வெட்டிவந்து, தண்ணீர் வாளியில் நிறுத்தி வரிசையின் மேற்கே வைத்தோம். 2020-இல் மூன்று வாளி. அந்த ஆண்டு கோடையில் வரிசையைக் கடந்து நடந்தாலே எந்த இடத்தில் வாளி நின்றது என்று சொல்லிவிடலாம். பக்கத்துப் புதர்களில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு, தள்ளிப் போகப் போகக் குறைந்து, வரிசையின் கடைக்கோடியில் ஒன்றுமில்லை.

சாலையோரப் புதர் விஷயத்தை 2021-இல் மறுபடி எடுத்தோம். புது மகரந்தத்தை அன்றே பயன்படுத்தினோம். இம்முறை அதே குப்பியிலிருந்து ஓடையோரப் புதரின் கிளையிலும் தடவினோம். அங்கே காய் பிடித்தது. இவர்கள் வரிசையில் பிடிக்கவில்லை. மகரந்தம் உயிரோடுதான் இருந்தது. பொருந்தாமைதான் காரணம்.

2024 ஏப்ரலில் புது நாற்றுகளில் ஒன்பது, பூனைவால் விரித்தன. அந்த ஆண்டு வாளி வைக்கவில்லை. ஜூலையில் 24 புதர்களில் 21-இல் பிஞ்சு இருந்தது. தாய்ப்புதர் மட்டும் தனியாக வேலியோரம் வெறுமையாகவே நின்றது.

பறிக்கும் நாளைச் சரியாகப் பிடிப்பது அடுத்த பாடம். இலையுறையின் ஓரம் பழுப்பாகத் தொடங்கி, கொட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உறைக்குள் சுழல வேண்டும். அதுவே நேரம். உறை முழுக்கக் காயும்வரை காத்திருந்தால் அணிலுக்குத்தான். ஆகஸ்ட் கடைசியில் பறித்து, வலைப்பைகளில் நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். மூன்று வாளி. பாதியை வேண்டுமென்றே செடியில் விட்டார்கள். பறவைகளுக்காகவும்தானே நட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வேர்க்கன்று எடுப்பதில் தவறில்லை. குறைந்தது மூன்று நான்கு தனித்தனிப் புதர்களிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அதுவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவற்றிலிருந்து எடுப்பது ஆபத்து. இரண்டு புதர் போலத் தெரிவது மண்ணுக்கடியில் ஒரே செடியாக இருக்கலாம்.

கொட்டையை எண்ணியதற்குப் பதில் கோடையின் நடுவில் ஒரு முறை பிஞ்சை எண்ணியிருந்தால் 2015-இலேயே விடை கிடைத்திருக்கும். வலையும் ரம்பமும் தேவைப்பட்டிருக்காது. அந்த இரண்டு ஓக் கிளைகளை நினைத்து அவர்கள் இன்னும் வருந்துகிறார்கள்.

சோதனையில் ஒவ்வொரு மகரந்தக் குப்பிக்கும் அது உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் ஒரு கிளையை முதல் ஆண்டே ஒதுக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால், சாலையோரக் கூட்டத்தின் விதைகளிலிருந்து வந்த ஆறு நாற்றுகளை வரிசையின் வடகோடியில் ஒன்றாக நட்டிருக்க மாட்டோம். அவற்றில் சிலவும் தாயைப் போலவே இந்த வரிசைக்குப் பொருந்தாமல் போகலாம். 2024-இல் காய்க்காத மூன்று புதர்களும் அந்தக் கோடியில்தான் நிற்கின்றன.

2025 அக்டோபரில் அந்தக் கோடியில் ஓடையோர விதையிலிருந்து வந்த நாலு நாற்றுகளை நட்டோம். இரண்டு நாற்றுகள் மீந்தன. அந்த அம்மா அவற்றை எடுத்துக்கொண்டு போய்த் தாய்ப்புதரிலிருந்து பத்தடி தள்ளி, வேலிக்கு இந்தப் பக்கம் நட்டார். கூண்டு கட்டிய பிறகே வீட்டுக்குள் போனோம்.